எழுபத்திரண்டு அட்டைகளும் ஒன்றும்

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அக்காவின் பண்ணையில் மாட்டு அட்டைகள் என் பொறுப்புக்கு வந்தது அதனால்தான். ஒரு மாட்டுக்கு ஓர் அட்டை. தாய், தகப்பன், பிறந்த நாள், பருவத்துக்கு வந்த நாள், சினை ஊசி போட்ட நாள், கன்று ஈன்ற நாள். பழைய ரொட்டிப் பெட்டி ஒன்றில் எண் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். பிப்ரவரிக் கடைசியில் பதினேழு மாடுகளிடம் ரத்தம் எடுக்க வந்தபோது நீங்களும் அந்தப் பெட்டியைப் பார்த்தீர்கள், டாக்டர். இவ்வளவு சுத்தமாக எழுதி வைக்கிறவர்களை இந்தப் பக்கம் பார்த்ததில்லை என்றீர்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எங்கள் மாடுகளில் ஆறு ஏன் குறைமாதத்தில் கன்று வீசின என்று நீங்கள் நோயைத் தேடினீர்கள். கிடைக்கவில்லை. காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வரிசையாக எழுதுகிறேன். வரிசை தப்பினால் எழுதியது சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். இது நான்காவது பிரதி.

என் பெயர் ஹாமிஷ். வயது இருபத்து மூன்று. ரேவின் என் அக்கா, நிக்கோரா அவள் கணவர், இந்த மண்ணின் பூர்வகுடி. கப்போங்காவில், மலையடிவாரத்தில், நிலம் வேறொருவருடையது. இருநூற்றுப் பத்து மாடுகள் அவர்களுடையவை. சொந்த மாடும் இரவல் நிலமுமாகப் பிழைக்கிறவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் ஜூன் முதல் தேதி மந்தையை ஓட்டிக்கொண்டு அடுத்த நிலத்துக்குப் போவது உங்களுக்குத் தெரியாததல்ல. இந்த ஜூனில் அவர்கள் ஒகையாவாவுக்கு, க்ராடாக்கின் பண்ணைக்குப் போவதாக இருந்தது. கப்போங்காவில் இருந்ததைப் போல இரு மடங்கு நிலம். வீட்டில் மூன்று படுக்கையறை. ஒன்றுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று அக்கா நினைத்து வைத்திருந்தாள். பன்னிரண்டு வருடம் அந்த மாடுகளைச் சேர்த்ததே அப்படி ஓர் இடத்துக்குப் போகத்தான்.

போன வருடம் ஹாவெரா உயர்நிலைப் பள்ளியில் செவ்வாய் மாலை வகுப்பில் சேர்ந்தேன். கறவை மாடுகளின் பரம்பரை பற்றிய வகுப்பு. நடத்தியவர் லேதம் சார்; நாற்பது வருடம் காளை வளர்த்தவர். ஒரு மாடு ஏன் முதல் ஊசியிலேயே சினை பிடிக்கிறது, பக்கத்தில் நிற்கும் இன்னொன்று ஏன் பிடிப்பதில்லை என்பதை அவர் கரும்பலகையில் போட்டுக் காட்டுவார். தீனி, வெயில், குளிர் எல்லாம் இருக்கட்டும், ரத்தத்தோடு வருவதும் உண்டு என்பார்.

நவம்பரில் ஒரு நாள் கன்னர் என்ற காளையைப் பற்றிச் சொன்னார். பாலுக்குப் பேர்போன காளை. அதன் உடலில் ஒளிந்திருந்த ஒரு கெட்ட மரபுக்கூறு இப்போதுதான் தெரியவந்திருக்கிறது. ஒற்றையாக வந்தால் ஒரு தீங்கும் இல்லை. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்துவிட்டால் கரு தொடக்கத்திலேயே இறந்துவிடும்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். எங்கள் மந்தையில் கன்னரின் மகள்கள் எழுபத்திரண்டு பேர். அத்தனை பேருக்கும் அக்டோபரில் போட்ட சினை ஊசி கன்னரின் பேரன் ஒருவனுடையது. அவனிடமும் அந்தக் கூறு இருப்பதாக லேதம் சார் கொடுத்த பட்டியலில் இருந்தது. மகள்களில் பாதிப் பேரிடம் அது இருக்கும், முப்பத்தாறு. அந்த முப்பத்தாறில் நாலில் ஒரு பங்கு கரு இரண்டையும் வாங்கிக்கொண்டு இறக்கும். ஒன்பது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன். ஒன்பது.

நிக்கோராவிடம் காட்டினேன். அவர் கம்பூட்ஸைக் கழற்றிக்கொண்டே அட்டைகளைப் பார்த்தார்.

"எங்க ஆளுங்க சபையில எழுந்து நின்னா இருபது தலைமுறை பேரைச் சொல்லிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பாங்க. நீ மாட்டுக்கு அதைப் பண்றே மாப்ள. ஒண்ணுதான் வித்தியாசம். எங்க பாட்டன் பேரைச் சொல்லும்போது அவரு எத்தனை லிட்டர் கறந்தாருன்னு நாங்க சொல்றதில்ல."

அடுத்த செவ்வாய் வகுப்பில் என் கணக்கை வாசித்தேன். பிப்ரவரி முடிவில் அந்த எழுபத்திரண்டில் ஒன்பது மாடுகள் காலியாக இருக்கும் என்று தேதி போட்டு எழுதிக் கொடுத்தேன். எங்கள் பக்கம் சினை நிற்காத மாட்டைக் காலி என்போம். லேதம் சார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். சரியாக வந்தால் மாவட்ட மாடு வளர்ப்போர் கூட்டத்தில் என்னையே வாசிக்கச் சொல்வதாகச் சொன்னார். பள்ளியில் நான் எதிலும் முதலாவதாக வந்ததில்லை. சரியான விடையை எழுதிவிட்டுக் கடைசி நிமிடத்தில் அடித்து மாற்றுகிறவன் நான். இந்த ஒன்றை அடிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அந்த வாரமே அக்கா பெயரில் இன்னோர் அட்டையும் எழுதினேன். அக்காவுக்கு அதற்கு முன் மூன்று முறை கரு நிற்காமல் போயிருந்தது. அக்காவுக்கும் எனக்கும் நடுவில் அம்மாவுக்கும் இரண்டு முறை அப்படி ஆகியிருந்தது. வகுப்பில் சொன்னதைக் கேட்கக் கேட்க எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது இயல்புதான். மாட்டு அட்டையில் அச்சடித்த கட்டங்கள் அப்படியே பொருந்தின. தாய், தகப்பன், பிறந்த நாள். கீழே, எதிர்பார்ப்பு என்ற இடத்தில், 'நிற்காது' என்று எழுதி நவம்பர் பதினான்கு என்று தேதி போட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது. எல்லா அட்டைகளுக்கும் பின்னால் செருகி வைத்தேன்.

ஜனவரி நடுவில் ஸ்கேன் போடும் பெண் வந்தாள். கறவைக் கொட்டகையில் மாடுகள் வரிசையாக ஏறின. நான் அட்டையும் பேனாவுமாக நின்றேன். அவள் திரையைப் பார்த்து "இருக்கு" என்றாள். "இருக்கு. இருக்கு. இருக்கு." நிக்கோரா ஒவ்வொன்றுக்கும் மாட்டின் முதுகில் தட்டிக்கொண்டே வந்தார், பாதியில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். எழுபத்திரண்டில் அறுபத்தொன்பது சினை. மூன்றே மூன்று காலி. மந்தை முழுவதையும் சேர்த்தாலும் இந்த மாவட்டத்தில் யாருக்கும் அந்த வருடம் அப்படி ஓர் எண் வரவில்லை. க்ராடாக்குக்கு அன்றே போன் செய்து சொன்னார்கள்.

அன்று கறவை முடிந்ததும் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். பத்து வாரம் ஆகிறது என்றாள். நிக்கோராவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், யாரிடமும் சொல்லக் கூடாது.

"இந்தத் தடவை நிக்கும்டா. எனக்குத் தெரியுது," என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "உன் பெட்டியில என் பேரை எழுதி வச்சிடாத."

எழுதமாட்டேன் என்றேன்.

கணக்கு எங்கே தவறியது என்று இரண்டு வாரம் தேடினேன். தவறே இல்லை. பாதி, அதில் கால்வாசி. ஒரு குழந்தைகூடப் போட்டுவிடும். அப்படியானால் தவறு மாடுகளிடம் இருக்க வேண்டும். ஏதோ தற்செயலால் இந்த ஒரு மந்தையில், இந்த ஒரு வருடத்தில் எண் சரிந்திருக்கிறது. சிறிய மந்தையில் அது நடக்கக்கூடியதே. ஆனால் வகுப்பில் இருக்கிறவர்கள் அதைப் புரிந்துகொள்ள மாட்டார்கள். உண்மையான ஒரு விதி, எங்கள் மந்தையின் தற்செயலால் பொய்யாகத் தெரியப்போகிறது என்பதே என் கவலை. எனக்கு ஆறு மாடுகள் தேவைப்பட்டன.

கொட்டகைக் குளிர்பெட்டியில், மதியத் தேநீருக்கான பாலுக்குப் பக்கத்தில், அக்டோபரில் மீந்த மருந்து இருந்தது. பருவத்துக்கு வராத மாட்டை வர வைக்கப் போடுவது. சினை மாட்டுக்குப் போட்டால் கலைந்துவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் அட்டைப்பெட்டியில், கர்ப்பிணிப் பெண்ணின் உருவம் ஒன்று வரைந்து குறுக்கே கோடு போட்டிருக்கும். தோலில் பட்டாலே போதும் என்று கீழே எழுதியிருக்கும். நான் எதையும் படிக்காமல் விடுகிறவன் அல்ல.

ஆறையும் சீட்டுப் போட்டு எடுத்தேன். நானே தேர்ந்தெடுத்தால் பிடித்தது பிடிக்காதது என்று மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஐந்தாவது சீட்டில் ஐம்பத்தெட்டு வந்தது. அக்கா கன்றிலிருந்து புட்டியில் பால் கொடுத்து வளர்த்த மாடு. டோரீன் என்று கூப்பிட்டால் வந்து அவள் சட்டைக் கையை நக்கும். இன்னொரு சீட்டு எடுக்கலாமா என்று யோசித்தேன். எடுத்தால் முறை கெட்டுவிடும். விட்டுவிட்டேன்.

மருந்தைத் தாமிரச் சத்து மருந்தின் காலிப் புட்டியில் ஊற்றினேன். எங்கள் மண்ணில் தாமிரம் குறைவு, ஆண்டுதோறும் போடுவதுதான். யாரும் கேட்க மாட்டார்கள். பிப்ரவரி பதினாறாம் தேதி காலைக் கறவை முடிந்து ஆறு மாடுகளைத் தனியே நிறுத்தினேன். நிக்கோரா வேலி பார்க்கப் போயிருந்தார். அக்கா கொட்டகைத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். முள்கம்பி கிழித்து என் வலது கையில் கட்டுப் போட்டிருந்தது.

ஊசிகளை நிரப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். குழாயை மூடிவிட்டு வந்தாள்.

"க்ளவுஸ் போடணுமாடா?"

"வெறும் தாமிரந்தானேக்கா."

அவள் ஆறையும் நிரப்பினாள். மூன்றாவதில் ரப்பர் மூடி வழுக்கி மருந்து விரல்களில் வழிந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டாள். டோரீன் முறை வந்தபோது அதன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் பிடித்தால் அது ஆடாது. எல்லாம் முடிந்து குளிர்ந்த தண்ணீரில் கை கழுவினாள். சோப்பு போட்டுக் கழுவு என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள். க்ளவுஸ் வேண்டாம் என்று சொன்னவன் சோப்பு போடச் சொன்னால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஊசிகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனேன்.

பத்தொன்பதாம் தேதி முதல் மாடு கன்று வீசியது. இருபதாம் தேதி மூன்று. இருபத்தொன்றாம் தேதி இரண்டு. அவ்வளவையும் அன்றன்றே அட்டையில் ஏற்றினேன். இருபதாம் தேதி மத்தியானம் நிக்கோரா அக்காவைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பதினைந்தாவது வாரம். பெண் என்று சொன்னார்களாம்.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த மருந்தால்தான் அது நடந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அதற்கு முன் மூன்று முறை மருந்தே இல்லாமல் நடந்திருக்கிறது. ஒரே ஒரு நிகழ்வை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று லேதம் சார் முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் நீங்கள் வந்தீர்கள். ஏதாவது மருந்து போட்டீர்களா என்று கேட்டீர்கள். தாமிரம் என்றேன், அட்டையைக் காட்டினேன். அட்டைகளைப் புரட்டிவிட்டு, கன்னர் மகள்களில் மொத்தம் எத்தனை காலி என்றீர்கள்.

"ஒன்பது," என்றேன்.

"சரியா ஒன்பதா?" என்று கேட்டு நிமிர்ந்து பார்த்தீர்கள். பிறகு என் கையெழுத்தைப் பாராட்டினீர்கள். அந்த ஒரு கணத்தில் நீங்கள் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அதுவும் நிச்சயமில்லை.

ஒன்பதும் லாரியில் ஏறிக் கசாப்புக்குப் போயின. டோரீன் ஏறுவதற்கு அடம்பிடித்தது. அக்கா வந்து கூப்பிட்டால் ஏறிவிடும் என்று லாரிக்காரன் சொன்னான். அக்கா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

மார்ச் முதல் செவ்வாய் வகுப்பில் ஒன்பது என்று வாசித்தேன். கைதட்டினார்கள். ஒருவர் என் தோளில் தட்டினார். லேதம் சார் தட்டவில்லை. நான் கணக்கு எழுதிய நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கிறேன் என்றார். அதன் பிறகு அவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை என்று வகுப்பு நின்றுவிட்டது.

உங்கள் சோதனை முடிவு வந்தது. காரணம் தெரியவில்லை என்று அதில் இருந்தது. அந்தச் செய்தி எப்படியோ ஒகையாவாவுக்குப் போய்விட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் க்ராடாக் போன் செய்தார். கோபமாகப் பேசவில்லையாம், மிகவும் வருத்தப்பட்டாராம். கன்று வீசும் மந்தையைத் தன் மாடுகள் மேயும் நிலத்துக்குப் பக்கத்தில் இறக்க முடியாது என்றாராம். நிக்கோரா போனை வைத்துவிட்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தார். நான் அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

"நோயோட பேரைச் சொன்னாக்கூட பரவால்ல மாப்ள," என்றார். "அதுக்கு ஒரு மருந்து இருக்கும், ஒரு தடுப்பூசி இருக்கும், போட்டுட்டேன் வாங்கன்னு சொல்லலாம். பேரே இல்லாத நோய்க்கு எவன் கேட்டைத் திறப்பான்?"

இது நோயில்லை, அத்தான் என்று சொன்னால் போதும். மூன்று சொற்கள். அவர் அன்றே க்ராடாக்கைக் கூப்பிட்டிருப்பார். நான் யோசித்தது இதைத்தான்: சொன்னால் எண்ணிக்கை மூன்றாகிவிடும். இன்னும் கொஞ்ச நாளில், லேதம் சார் கூட்டத்தில் வாசிக்க வைத்த பிறகு, வேறு விதமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நிக்கோரா வேறு நான்கு நிலக்காரர்களிடம் போய்வந்தார். நாலாமவர் வண்டியைவிட்டு இறங்கக்கூட விடவில்லை.

அக்கா அந்த நோய் மாட்டிலிருந்து தன்னிடம் வந்ததாக நம்பினாள். தானே போய்க் கொட்டகையில் நின்றதுதான் தப்பு என்றாள். அவளை நிற்கவிட்டது தன் தப்பு என்று நிக்கோரா சொன்னார். முதலில் தப்பு என்னுடையது என்று இருவரும் போட்டி போட்டார்கள். மே மாதத்தில் உன்னுடையது என்று பேச ஆரம்பித்தார்கள். சுவர் மெல்லியது, எனக்கு எல்லாம் கேட்டது. ஒரு நாள் நான் கறவை முடிந்து உள்ளே வந்ததும் அக்கா எழுந்து வந்து என் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் என்னிடம் பேசினாள்.

"உனக்கு ஒண்ணும் வந்துடலையே? கையை நல்லா சோப்பு போட்டுக் கழுவுடா."

கழுவினேன்.

ஜூன் முதல் தேதி சாலை முழுக்க மாடுகள். மற்றவர்களின் மந்தைகள் ஒகையாவா பக்கமும் மனாயா பக்கமும் நடந்தன. பின்னால் டிராக்டரில் கட்டில், குளிர்பெட்டி, குழந்தைகளின் சைக்கிள். எங்கள் மாடுகளை முந்தின வாரமே ஏலத்தில் விட்டாயிற்று. வாங்கியவன் பெரும்பாலானவற்றைக் கறிக்குத்தான் வாங்கினான். அக்கா மட்டும் பாட்டியா என்ற ஊரிலுள்ள நிக்கோராவின் அம்மா வீட்டுக்குப் போனாள். நிக்கோராவுக்குக் கசாப்பு ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. அவர் வளர்த்த மாடுகளில் எத்தனை அவர் முன்னால் வந்தன என்று அவர் சொல்லவில்லை. நான் ஹாவெராவில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். ரொட்டிப் பெட்டியை என்னோடு எடுத்துக்கொள்ளலாமா என்று நிக்கோராவிடம் கேட்டேன். எடுத்துக்கோ என்றார்.

போன வாரம் லேதம் சார் என் நோட்டைத் தபாலில் திருப்பி அனுப்பினார். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். நடுங்கிய எழுத்து, இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. ஹாமிஷ், நீ ஒன்றை மறந்துவிட்டாய், என்று தொடங்கியிருந்தார். அந்தக் கருக்கள் இறப்பது முதல் சில நாட்களில். மாடு மூன்று வாரத்தில் மீண்டும் பருவத்துக்கு வரும், மீண்டும் சேரும், பெரும்பாலும் சினை பிடித்துவிடும். ஸ்கேனில் அவை காலியாகத் தெரிய வழியே இல்லை. தாமதமாகத்தான் தெரியும். முதல் ஊசிக்குப் பிறகு எத்தனை மாடுகள் மீண்டும் பருவத்துக்குத் திரும்பின என்று உன் அட்டைகளிலேயே பார். உன் ஒன்பது எனக்குப் புரியவில்லை.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். மந்தையின் மற்ற மாடுகள் திரும்பிய அளவிலேயே கன்னரின் மகள்களும் திரும்பியிருந்தால் இருபத்தைந்து திரும்பியிருக்க வேண்டும். முப்பத்து மூன்று திரும்பியிருந்தன. எட்டு அதிகம். விதி சரி. அக்டோபர் முதல் அது என் அட்டைகளில், என் கையெழுத்திலேயே இருந்திருக்கிறது. நான் வேறு கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாடுகள் யாருக்கும் சொல்லாமல் ஒன்றை இழந்து, யாருக்கும் சொல்லாமல் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. நான் எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

உங்கள் ஃபைலை நீங்கள் மூடிவிடலாம். நோய் எதுவும் இல்லை. ஆறு மாடுகளுக்கும் நான்தான் ஊசி போட்டேன். தெரிந்தே போட்டேன். புட்டியில் என்ன இருந்தது என்று தெரிந்தே அக்காவின் கையில் கொடுத்தேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், முந்தைய மூன்று பிரதிகளிலும் இதை எழுதவில்லை. முள்கம்பிக் காயம் ஊசி போட்ட நாளுக்கு முந்தின ஞாயிறே ஆறிவிட்டது. என்னால் பேனா பிடிக்க முடிந்தது, மாட்டுக்கு ஊசி குத்த முடிந்தது, நிரப்பவும் முடிந்திருக்கும். கையில் போட்டிருந்த கட்டை ஏன் அவிழ்க்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். மறந்துபோயிருப்பேன்.

இந்த வாரம் முழுக்க உட்கார்ந்து பெட்டியிலிருக்கும் அட்டைகளைச் சரிசெய்தேன். தாமிரம் என்றிருந்த ஆறு இடங்களிலும் மருந்தின் உண்மையான பெயரை எழுதினேன். திரும்பிய தேதிகளைத் தனிக் கட்டத்துக்கு மாற்றினேன். எழுபத்திரண்டும் முடிந்துவிட்டன. பின்னால் செருகியிருந்த அக்காவின் அட்டையையும் எடுத்துப் பார்த்தேன். அதை மட்டும் திருத்த வேண்டியிருக்கவில்லை.